கச்சேரியும் வதந்தியும்: தர்மபுரி சுப்பராயரை முன்வைத்து

1

இறந்துபோன ஒரு சங்கீதக்காரரைப் பற்றி எதைத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு? கவிஞன் விஷயத்தில் இந்தக் கேள்வி அவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. அவனுடைய பிரதி நம் கையில் இருக்கிறது. அவன் யாரை நேசித்தான், யாரிடம் கடன்பட்டான் என்பதெல்லாம் தெரியாமல் போனாலும் கவிதை குறைந்துவிடப் போவதில்லை. சங்கீதத்தில் நிலைமை வேறு. பாடி முடித்த கணத்தில் பாட்டும் முடிந்துவிடுகிறது. மிஞ்சுவது, அது நடந்தது என்ற தகவல் மட்டும். எந்த நாள், எந்த இடம், எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் யார், எந்த உருப்படி முதலில், எது கடைசியில், கைக்கு வந்த சன்மானம் எவ்வளவு. கச்சேரி வரலாறு என்று சொல்லப்படுவது இந்த உலர்ந்த விவரங்களின் தொகுப்புத்தான். ஆனால் ஒரு குறிப்பிட்ட மனித உயிர், ஒரு குறிப்பிட்ட மாலையில், தன் உடம்பின் உழைப்பால் ஒன்றைச் செய்தது என்பதற்கு இந்த உலர்ந்த விவரங்களை விட்டால் வேறு சாட்சி இல்லை.

மேற்கத்திய சங்கீத உலகில் இவற்றைத் தேடுவது ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. புகழ்பெற்ற பியானோக் கலைஞர் ஒருவர் எந்த ஊரில் எந்தத் தேதியில் என்ன வாசித்தார் என்பதைப் பழைய பத்திரிகைகள், அரங்கக் கணக்குகள், நிகழ்ச்சித் தாள்கள் இவற்றைக் கொண்டு நாள்வாரியாகக் கட்டி எழுப்புகிறார்கள். வெளியே நின்று பார்ப்பவருக்கு இது குமாஸ்தா வேலையாகத் தோன்றலாம். கிளாரா ஷூமான் விஷயத்தில் அந்த வேலை எதை வெளிக்கொண்டு வந்தது என்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

பியானோக் கலைஞராகவும் இசை இயற்றுபவராகவும் இருந்த கிளாரா, 1828 அக்டோபரில், ஒன்பது வயதில், லைப்சிக் நகரின் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் முதன்முதலாக மேடை ஏறினார். கடைசிக் கச்சேரி 1891 மார்ச்சில், ஃபிராங்க்ஃபர்ட்டில். இடைப்பட்ட அறுபத்திரண்டு வருஷங்களின் அச்சிட்ட நிகழ்ச்சித் தாள்கள் 1,312 அவருடைய சேகரிப்பில் இருந்தன. கணவர் ராபர்ட் ஷூமான் பிறந்த ட்ஸ்விக்காவ் நகரில் அவை இன்று பாதுகாக்கப்படுகின்றன. தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு வாழ்க்கையின் திசைமாற்றம் அதில் தெரிகிறது. ஆரம்ப வருஷங்களில் அன்றைய மோஸ்தரான விரல் வித்தை உருப்படிகள். கூடவே அவர் இயற்றியவை. 1835 நவம்பர் 9ஆம் தேதி, பதினாறு வயதில், தானே எழுதிய பியானோ கான்செர்ட்டோவை மெண்டல்சன் நடத்த அவர் வாசித்தார். பிறகு பீத்தோவனும் பாக்கும் கணவரின் படைப்புகளும் அந்த இடத்தை மெள்ள மெள்ள எடுத்துக்கொள்கின்றன. 1856இல் ராபர்ட் இறந்த பின், குழந்தைகளைக் காப்பாற்ற ஊர் ஊராகப் போய் வாசித்த அந்தப் பெண் இயற்றுவதை ஏறக்குறைய விட்டுவிட்டார். படைப்பாளி ஒருவர் தன் கச்சேரித் தாளிலிருந்தே மறைந்துபோவதை இவ்வளவு துல்லியமாக எந்த ஜீவிய சரித்திரக்காரரும் சொல்லிவிட முடியாது. அந்தத் தாள்கள் யாரையும் குற்றம் சொல்வதில்லை. தேதியை மட்டும் சொல்கின்றன. தீர்ப்பு நம்முடையதாகிவிடுகிறது.

இதே கிளாரா இன்னொன்றும் செய்தார். 1887இல் அவரும் நண்பர் பிராம்ஸும் தாங்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டார்கள். அவற்றில் கணிசமான பகுதி அவர்கள் கையாலேயே அழிந்தது. கச்சேரித் தாள்கள் தங்கின, கடிதங்கள் போயின. தன் வாழ்க்கையில் உலகத்துக்குச் சேர வேண்டியது எது, இரண்டு பேரோடு முடிய வேண்டியது எது என்று ஒரு கோட்டை அவரே கிழித்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கோட்டை நாம் மதிக்கிறோமா இல்லையா என்பது வேறு விஷயம். கோடு இருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது.

நம் சங்கீதத்தில் இந்தக் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

2

இன்றைய தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி தனியாகப் போயிற்று. இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு, சேலம் ஜில்லாவின் ஒரு தாலுகா ஊராக மட்டும் தர்மபுரி இருந்த நாட்களில், அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஒருவர் ஜாவளிகள் இயற்றினார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்குகிற பிரதேசம் இது. சுப்பராயரின் சாஹித்யம் தெலுங்கில் இருப்பதில் வியப்பு ஒன்றுமில்லை. பராசு ராகத்தில் 'ஸ்மரசுந்தராங்குனி', காபியில் 'பருலன்ன மாட', முகாரியில் 'ஏமந்துனே' என்று கச்சேரி கேட்பவர்கள் அறிந்த உருப்படிகள் அவர் பெயரில் வழங்குகின்றன.

ஜாவளி என்பது பதத்தின் தங்கை என்று சொல்வார்கள். க்ஷேத்ரக்ஞரின் பதம் விளம்பத்தில் நடக்கும். ஒரு சொல்லின் மேல் ராகம் தன் முழு எடையையும் வைத்து அழுத்தும். ஜாவளி பேச்சுக்கு அருகில் நிற்கிறது. நாயகி தோழியிடம் சொல்கிறாள், அல்லது நாயகனிடம் முறையிடுகிறாள், அல்லது அவனைக் கேலி செய்கிறாள். நாலைந்து நிமிஷத்தில் முடிந்துபோகும். அந்த லேசுக்குள் ராகத்தின் முகம் முழுவதும் தெரிய வேண்டும். அங்கேதான் இயற்றுபவரின் சாமர்த்தியம் இருக்கிறது. சுப்பராயரின் ஜாவளியில் முத்திரையாக வருவது ஊர்ப்பெயரை ஒட்டிய சொல். ஆள் தன்னைப் பின்னால் நிறுத்திக்கொண்டு ஊரை முன்னால் அனுப்புகிறார். பாடகர் எங்கே பாடினாலும், சரணம் வரை பாடினால், தர்மபுரி அங்கே ஒரு முறை உச்சரிக்கப்படுகிறது.

இந்த ஜாவளிகள் நம்மை வந்தடைந்த வழி பெரும்பாலும் ஒரே வீட்டின் வழி. சென்னை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாளின் வீடு அது. 1867இல் பிறந்து 1938 அக்டோபரில் மறைந்த தனம்மாள், க்ஷேத்ரக்ஞரின் பதங்களைப் பார்வையற்ற வித்வான் வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாஸிடம் பாடம் செய்தார். தீட்சிதர் கிருதிகளைச் சாத்தனூர் பஞ்சநதய்யரிடம் கற்றார். ஜாவளிகளைச் சமகாலத்தவரான சுப்பராயரிடமிருந்தே நேரில் பெற்றார். வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வீட்டில் தனம்மாள் வாசிப்பார். மீட்டுக்கோல் போடாமல் வெறும் விரலால் மீட்டி, கூடவே தணிந்த குரலில் பாடுவார். அந்தக் கூடத்தில் அவரைக் கேட்டவர்கள் அன்றைய வித்வான்களும் ரசிகர்களும். பிற்காலத்தில் பெரிய பெயர்களான பலர் அந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது சுப்பராயரின் கச்சேரி வரலாற்றை எழுத ஒருவர் உட்கார்ந்தால் அவர் எங்கே போவார்? கிளாராவுக்கு ட்ஸ்விக்காவ் இருப்பதுபோல் சுப்பராயருக்குத் தர்மபுரி இல்லை. ஜாவளி இயற்றுபவர் மேடை ஏறுகிறவரும் அல்லர். அவருடைய கச்சேரி என்பது மற்றவர்கள் பாடிய கச்சேரி. தனம்மாளின் கூடத்தில் அது நடந்தது. அந்தக் கூடத்தில் நிகழ்ச்சித் தாள் கிடையாது. தாள் இல்லாததற்கு அசிரத்தை காரணமல்ல. நிகழ்ச்சித் தாள் டிக்கெட்டோடு பிறந்த பொருள். முகம் தெரியாதவர்கள் காசு கொடுத்து உள்ளே வரும்போதுதான், இன்னது கிடைக்கும் என்று அவர்களிடம் எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவரையொருவர் அறிந்தவர்கள் பாயில் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், அடுத்து என்ன பாடுவது என்பதை அந்த நேரத்து மனநிலை தீர்மானிக்கிறது. அச்சிட அங்கே எதுவும் இல்லை.

3

தாள் இல்லாத இடத்தில் நமக்கு என்ன இருக்கிறது? கதை இருக்கிறது.

சங்கீத வட்டாரத்தில் வெகுகாலமாக வழங்கும் கதை இது. தனம்மாள் பணமுடையில் இருந்த ஒரு சமயம் சுப்பராயர் உதவிக்கு வந்தார். அந்த நெகிழ்ச்சியின் விளைவுதான் பராசு ஜாவளி. கதை சொல்பவரைப் பொறுத்து ஜாவளியை இயற்றியவர் மாறுவார். ஒரு சாரார் சொல்லில் சுப்பராயர் இயற்றினார். மறு சாரார் சொல்லில், நன்றி மேலிட்டுத் தனம்மாளே அவரைப் புகழ்ந்து இயற்றினார். இருவருக்குமிடையே இருந்த சிநேகத்தின் தன்மை பற்றிய ஒரு புன்சிரிப்பும் கதையோடு கூடவே வரும். கச்சேரியில் இந்த உருப்படியை எடுக்குமுன் சில பாடகர்கள் கதையைச் சொல்லிவிட்டே பாடுவதுண்டு. சபையிலும் அதே புன்சிரிப்பு பரவும்.

என்ன நடந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிளாரா காப்பாற்றியதை நாம் தொலைத்தோம். கிளாரா அழித்ததை நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோம். ஐம்பது வருஷத்துக்கு மேலான தனம்மாளின் கச்சேரி வாழ்வில் எந்த வெள்ளிக்கிழமை எந்த ஜாவளி எந்தப் பதத்துக்குப் பின் வந்தது என்பது காற்றோடு போயிற்று. அவர் வீட்டில் அரிசி இருந்ததா, யார் பணம் கொடுத்தார், கொடுத்தவர் யாருக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் தங்கிவிட்டது. பொதுவில் வைக்க வேண்டியது மறைந்து, அந்தரங்கமாக இருந்திருக்க வேண்டியது பொதுச் சொத்தாகிவிட்டது. கோடு தலைகீழாக விழுந்திருக்கிறது.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தனம்மாள் பிறந்த குலத்துப் பெண்களின் கலையைப் பற்றிப் பேசும்போது சமூகம் முதலில் கேட்டது, அவள் யாரிடம் இருக்கிறாள் என்பதைத்தான். என்ன பாடினாள் என்ற கேள்வி இரண்டாவதாக வந்தது. ஆண் வித்வானைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் அவருடைய வித்தையை நிரூபிக்க எழுந்தவை. இன்ன ராகத்தை நாலு மணி நேரம் பாடினார், போட்டிக்கு வந்தவரைத் தோற்கடித்தார் என்கிற தினுசு. பெண் கலைஞரைப் பற்றிய கதை அவளுடைய உறவை நிரூபிக்க எழுகிறது. இரண்டும் கட்டுக்கதையாக இருக்கலாம். ஆனாலும் இரண்டின் நோக்கமும் ஒன்றல்ல. பராசு ஜாவளியைக் கேட்கிறவர் அதன் நிஷாதத்தையும் தைவதத்தையும் கேட்க வேண்டிய கணத்தில், கதை அவரைப் படுக்கையறை வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

சிருங்கார சாஹித்யத்தில் நாயகியும் நாயகனும் யாரென்று கேட்பதே தவறு என்று சொல்லப் போவதில்லை. கேட்கலாம். பதில் பாட்டுக்குள் இருக்க வேண்டும். ஜாவளியில் பேசுகிற 'நான்' ஒரு பாத்திரம். அதைத் தனம்மாள் பாடினார், பிருந்தா பாடினார், ஆண் வித்வான்களும் பாடினார்கள். யார் பாடினாலும் அந்த 'நான்' அவர்களுக்கு இரவலாகக் கிடைக்கிறது; பாடி முடித்ததும் திரும்பிப் போகிறது. ஒரு நிஜப் பெண்ணின் கடனோடு அந்த 'நான்' நிரந்தரமாக முடிச்சுப் போடப்பட்டால், பிறகு பாடுகிற எவருக்கும் அது முழுசாகக் கிடைக்காது. வதந்தி இறந்தவர்களுக்கு இழைக்கும் அநியாயம் ஒருபுறம். வதந்தியால் பாட்டும் கொஞ்சம் சிறுத்துப்போகிறது.

4

கதையை விலக்கி வைக்கிற ஆராய்ச்சியாளருக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. அது கதையைவிட நாசூக்கானது; மரியாதையான உடை உடுத்திக்கொண்டு வருகிறது.

தர்மபுரிக்குக் கிழக்கே மொரப்பூர் வழியாகச் சென்னைக்கு ரயில்பாதை 1860களிலேயே வந்துவிட்டது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறுகிய பாதை 1906இல் வந்தது. சுப்பராயர் தர்மபுரிக்காரர்; தனம்மாள் சென்னைவாசி; ஜாவளிகள் அவரிடமிருந்து இவருக்குப் போயின. இந்த உண்மைகளை வரிசையாக வைத்துவிட்டு, ஒரு மழைநாள் மாலை, இடுக்கில் சுருட்டிய காகிதத்தோடு மொரப்பூர் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தார் என்று ஒரு வாக்கியம் எழுதிவிடலாம். எழுதியதும் அவர் உயிரோடு வந்துவிடுவார். வாசகனுக்குச் சந்தோஷம், எழுதியவனுக்கும் சந்தோஷம். ரயில் நிஜம், ஊர் நிஜம், ஆள் நிஜம். அந்த மாலை மட்டும் பொய். இருபது வருஷம் கழித்து வேறொருவர் அந்த மாலையை மேற்கோள் காட்டுவார். அதற்குள் அது வரலாறாகியிருக்கும்.

நாவலாசிரியர் இதைச் செய்யலாம். அட்டையில் நாவல் என்று போட்டுவிட்டுச் செய்கிறார். வாசகன் அந்த ஒப்பந்தத்துக்கு உடன்பட்டே புத்தகத்தைத் திறக்கிறான். கச்சேரி வரலாறு எழுதுபவர் செய்யக்கூடாது. இறந்தவருக்கு மறுப்புச் சொல்ல வாயில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு நாளை இட்டுக்கட்டி அவருக்குக் கொடுப்பதன் மூலம், அவர் நிஜமாகவே வாழ்ந்த அத்தனை நாட்களும் எதைப் போட்டும் நிரப்பிக்கொள்ளக்கூடிய காலிப் பாத்திரங்கள் என்று நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

இதே மண்ணில் இதற்கு வெகு பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. தர்மபுரியின் பழைய பெயர் தகடூர், அதியமானின் ஊர். அவனுக்கும் ஔவைக்கும் இருந்த உறவை நாம் அறிவது புறநானூற்றின் மூலம். உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த அந்தத் தொகுப்பில் பாட்டுக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கும்: யாரை, எந்தச் சந்தர்ப்பத்தில், யார் பாடியது என்று. ஒரு வகையில் பார்த்தால் தமிழின் முதல் கச்சேரி வரலாறு அந்தக் குறிப்புகள்தான். நெல்லிக்கனி பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கொடுத்ததற்காக ஔவை வாழ்த்துகிறாள், பாட்டே சாட்சி. ஆனால் ஆயுதசாலையைப் பற்றிய பாட்டில் தொண்டைமான் என்ற பெயர் கிடையாது. அவனிடம் ஔவை தூது போனாள் என்பதைக் கீழேயுள்ள குறிப்பு மட்டும் சொல்கிறது. அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் பாட்டையும் குறிப்பையும் ஒன்றாகக் குழைத்துவிடவில்லை. பாட்டு மேலே, தகவல் கீழே. நம்புகிறவன் நம்பலாம், சந்தேகப்படுகிறவன் பாட்டைச் சேதப்படுத்தாமல் குறிப்பை மட்டும் எடுத்துத் தனியே வைக்கலாம். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு!

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கொடுத்த அரசனுக்கும் பாடிய பெண்ணுக்கும் இடையிலிருந்த சிநேகத்தைப் பார்த்து அந்தக் குறிப்பாசிரியர்கள் புன்சிரிப்புச் சிரிக்கவில்லை. கொடையும் பாட்டும் அங்கே சமமாக நிற்கின்றன. ஈராயிரம் வருஷம் கழித்து அதே ஊர்க்காரர் ஒருவர் ஒரு பெண் கலைஞருக்கு உதவினார் என்ற கதைக்கு மட்டும் நமக்கு வேறு முகம் வந்துவிடுகிறது.

5

அப்படியானால் என்ன செய்வது? கதையும் வேண்டாம், கற்பனையும் வேண்டாம் என்றால் சுப்பராயருக்கு என்ன மிஞ்சுகிறது?

கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். இந்த ஜாவளி எந்தத் தேதியில் பாடப்பட்டது என்று கேட்பதற்குப் பதில், இது யார் யார் கையைக் கடந்து என்னிடம் வந்தது என்று கேட்கலாம். இதற்கு நம் மரபிலேயே ஒரு சொல் இருக்கிறது: பாடாந்தரம். அச்சுத்தாள் வைத்துக்கொள்ளாத ஒரு கலை தன் வரலாற்றை எழுதிவைத்த முறை அது. எழுத்துக்குப் பதில் குரலில் எழுதியது.

அந்தத் தொடர்ச்சியில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. தனம்மாளிடமிருந்து மகள்கள்; மகள்களிடமிருந்து பேத்திகள். பிருந்தாவும் முக்தாவும் காமாட்சியின் பெண்கள். பாலசரஸ்வதி ஜெயம்மாளின் பெண். பாலா அபிநயம் பிடிக்க ஜெயம்மாள் பாடுவார். 1960இல் மியூசிக் அகாதமி பிருந்தாவைக் கொண்டு ஜாவளிகளை ஸ்வரப்படுத்திப் புத்தகமாக வெளியிட்டது. சுப்பராயரின் உருப்படிகள் அதில் உண்டு. பாலசரஸ்வதி 1973இலும் பிருந்தா 1976இலும் சங்கீத கலாநிதி ஆனார்கள். ஜெயம்மாளின் மகன் விஸ்வநாதன் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். குடும்பத்தின் பாடாந்தரம் கடல் தாண்டியும் ஓர் இருப்பிடம் கண்டது. லக்ஷ்மிரத்தினத்தின் மகன் டி. சங்கரன் பாட்டியின் காலத்தைப் பற்றி நிறைய எழுதினார். தனம்மாளின் வாசிப்பே 1930களின் தொடக்கத்தில் சில இசைத்தட்டுகளில் ஏறியது. பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் சொச்சமும் ஓடும் தட்டு. அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடங்குகிற உருவம் ஜாவளிக்கு இருந்தது என்பதும் அது பிழைத்ததற்கு ஒரு காரணம்.

பிழைத்த விதத்தையும் பார்க்க வேண்டும். 1890களில் சென்னையில் கிளம்பிய நாட்டிய எதிர்ப்பு இயக்கம், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சி, 1947இன் தேவதாசி ஒழிப்புச் சட்டம் ஆகியவை சிறுமிகளைப் பொட்டுக்கட்டி விடும் கொடுமைக்கு முடிவு கட்டின. அதில் நமக்கு இரண்டாம் அபிப்பிராயம் இருக்க முடியாது. ஆனால் அந்தக் கொடுமையோடு சேர்ந்து அந்தக் கூடங்களும் மூடப்பட்டன. சங்கீதம் சபாவுக்குக் குடிபெயர்ந்தது. அரியக்குடி ராமானுஜய்யங்கார் வகுத்ததாகச் சொல்லப்படும் கச்சேரி பத்ததியில் ஜாவளிக்குக் கிடைத்த இடம் வால்பகுதி. ராகம் தானம் பல்லவி முடிந்து, சிலர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது பாடப்படும் துக்கடா. இங்கேதான் நிகழ்ச்சித் தாள் நம் சங்கீதத்துக்குள் வருகிறது. அதில் ராகத்தின் பெயர் இருக்கும், தாளத்தின் பெயர் இருக்கும், இயற்றியவர் பெயர் இருக்கும். யாரிடமிருந்து வந்தது என்பதற்குத் தாளில் கட்டமே கிடையாது.

ஆகவே ஒரு விசித்திரமான நிலைமை உருவாகிறது. கூடத்தில் பாட்டும் பாடியவரும் இருந்தார்கள், தாள் இல்லை. சபாவில் தாள் இருக்கிறது. பாட்டைக் காப்பாற்றிக் கொண்டுவந்து கொடுத்தவர் இல்லை. சுப்பராயர் தாளில் ஏறிவிட்டார். ஜெயம்மாள் ஏறவில்லை. இயற்றியவருக்கு நியாயம் செய்துவிட்டோம் என்ற நிம்மதியில், சுமந்தவருக்குப் பட்ட கடன் கணக்கிலிருந்தே நழுவிவிடுகிறது.

கச்சேரி வரலாறு எழுதுவது ஒரு தார்மீகச் செயல் என்றால் அது இந்தக் கட்டத்தைத் திறப்பதுதான். இன்ன ஜாவளி, இன்ன ராகம், இயற்றியவர் தர்மபுரி சுப்பராயர், இன்னாரிடமிருந்து இன்னார் வழியாகப் பாடம். இதற்கு அச்சுச்செலவு அரை வரி. அந்த அரை வரியை எழுதுவதற்குக் கதை தேவையில்லை. மொரப்பூர் மழையும் தேவையில்லை. பாடுகிறவர் தன் குருவைக் கேட்க வேண்டும், குரு தன் குருவைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தொடர்ச்சி அறுந்த இடத்தில் அறுந்ததாகவே எழுத வேண்டும்.

6

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் பலருக்கு அது உடனே தோன்றியிருக்கும். படைப்பு சுதந்திரமானது. நல்ல கவிதைக்கு அதை எழுதியவனின் விலாசம் அவசியமில்லை. பராசு ஜாவளி நல்ல பாட்டு என்றால் சுப்பராயரும் வேண்டாம், தனம்மாளும் வேண்டாம். நாட்டுப் பாடல் பெயரில்லாமல் வாழவில்லையா?

வாதத்தின் முதல் பாதி கவிதைக்குப் பொருந்தும். அச்சான கவிதை தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். நூறு வருஷம் யாரும் படிக்காவிட்டாலும் அலமாரியில் கிடக்கும். ஜாவளிக்கு அந்த வசதி இல்லை. ஸ்வரக் குறிப்பில் இருப்பது அதன் எலும்பு. பராசின் அந்தக் குறிப்பிட்ட சாய்வு, சொல்லை முன்னால் விட்டுத் தாளத்தைப் பின்னால் இழுக்கும் அந்த நிதானம் எல்லாம் ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்கு நேராகப் போவது. ஒரு தலைமுறை வாய்மூடினால் பாட்டு போயிற்று. அதனால் சுமந்தவர் இங்கே பாட்டுக்கு வெளியே நிற்கும் தகவல் அல்லர். பாட்டின் ஒரு பகுதி. நாட்டுப் பாடலும் பெயரில்லாமல் வாழ்ந்ததே தவிர ஆளில்லாமல் வாழவில்லை. பெயர்களை யாரும் கேட்கவில்லை என்பதைப் பெயர்கள் தேவையில்லை என்று நாம் மாற்றிச் சொல்லப் பழகிவிட்டோம்.

இன்னொரு வாதம் நுட்பமானது. தெரியாமல் போவதற்கும் இறந்தவர்களுக்கு உரிமை இல்லையா? கிளாராவுக்கு இருந்த அந்த உரிமை தனம்மாளுக்கும் சுப்பராயருக்கும் உண்டு என்றே நினைக்கிறேன். அதனால்தான் தேடலின் எல்லை கச்சேரியோடு நிற்க வேண்டும் என்று சொல்கிறேன். ஒரு கலைஞர் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்த கணத்திலிருந்து அந்தப் பாட்டு அந்த நாலு பேருக்கும் அவர்களுக்குப் பின் வந்த நமக்கும் சொந்தம். வாயை மூடிக்கொண்ட பிறகு நடந்தது அவருக்குச் சொந்தம். பணம் கைமாறியதா, மனம் கைமாறியதா என்பது அவர்களுடைய கணக்கு. ஜாவளி கைமாறியதுதான் நம்முடைய கணக்கு. இந்த இரண்டாவது கணக்கில் நாம் இன்னும் ஏராளமாகப் பாக்கி வைத்திருக்கிறோம். முதலாவதைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும் பொழுதை இதற்குச் செலவிடலாம்.

சரணத்தில் தன் பெயரை விட்டு ஊர்ப்பெயரை வைத்தவர் தன்னைப் பற்றி எவ்வளவு தெரிந்தால் போதும் என்பதைச் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பல பாடகர்கள் நேரமின்மையைக் காரணம் காட்டிப் பல்லவி, அனுபல்லவியோடு ஜாவளியை முடித்துவிடுகிறார்கள். கதை சொல்ல நேரம் இருக்கிறது; சரணம் பாட நேரமில்லை. கதையை விட்டுவிட்டுச் சரணத்தைப் பாடினால், சுப்பராயர் கேட்ட அளவு நியாயமாவது அவருக்குக் கிடைத்துவிடும்.